கடல் தாண்டி வந்த அலை, கம்பியில் திரும்பிய அலை

1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவியோடு எழுந்த நிலையம் அது. அதன் பெரிய டிரான்ஸ்மிட்டரை நுவரெலியாவுக்கு மேலே, அந்த நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில் நிறுவினார்கள். வடக்கே வன்னிக்காகக் கொக்காவிலில் இன்னொரு கோபுரம். இரண்டும் இலங்கை மக்களை மனத்தில் வைத்துக் கட்டியவை. பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம், புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்த கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, மீமிசல், அறந்தாங்கி பக்கத்து மாடிகளைப் பற்றி யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள்.

ஆனாலும் படம் வந்தது. சென்னைத் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-இலேயே தொடங்கிவிட்டது என்றாலும் அதன் அலை புதுக்கோட்டைக் கரையை எட்டவில்லை. இலங்கை வானொலியில் பாட்டுக் கேட்டுப் பழகிய ஊர்கள் இவை. இனி படமும் அங்கிருந்தே வரும் என்று தெரிந்ததும், ஜி.ஐ. பைப்பை ஒன்றோடொன்று பிணைத்து, நான்கு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்தார்கள். டயனோரா, சாலிடேர் டிவிகள் சென்னையில் தயாரானவை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் கையோடு கொண்டுவந்த கலர் டிவிகளும் உண்டு. இரு நாட்டிலும் ஒரே 625 வரிப் பால் முறை என்பதால் எந்தப் பெட்டியிலும் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்த அலையின் பயணத்தை முதலிலிருந்து சொல்கிறேன். அது கடலைத் தாண்டியது பெரிய சாதனைதான். ஆனால் என் ஆர்வமெல்லாம் பயணத்தின் இரு முனைகளில் இருக்கிறது. தொடக்கத்தில் டிரான்ஸ்மிட்டர் அறையிலிருந்து கோபுர உச்சி வரை அது ஏறிய குழாய். முடிவில் மாடியிலிருந்து கூடத்து டிவி வரை அது இறங்கிய பதினைந்து மீட்டர் ஒயர். நடுவில் உள்ள வானத்தில் மனிதன் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு முனைகளிலும்தான் கெடுக்கவும் காக்கவும் அவனுக்கு இடம் இருந்தது.

டிரான்ஸ்மிட்டரில் பிறக்கும் அலை முதலில் ஒரு ஃபீடருக்குள் நுழைகிறது. நடுவே ஒரு செம்புக் குழல், அதைச் சூழ்ந்து அகலமான இன்னொரு செம்புக் குழல், இடையில் உலர்ந்த காற்று. கோஆக்சியல் என்று நாம் சொல்லும் கேபிளின் பெரிய வடிவம் இது. மின்சாரம் செம்புக்குள் தண்ணீர் போல ஓடுகிறது என்றே பள்ளிக்கூடத்தில் மனத்தில் பதிந்திருக்கும். ரேடியோ அலையின் விஷயத்தில் இந்த நினைப்பு நம்மைத் தவறான இடத்தில் நிறுத்திவிடும். செம்பில் உள்ள எலெக்ட்ரான்கள் இருந்த இடத்திலேயே மிகச் சிறிதாக அதிர்கின்றன, அவ்வளவுதான். ஆற்றல் பயணம் செய்வது இரண்டு செம்புக்கும் இடையே உள்ள வெளியில், அங்கே நிறைந்திருக்கும் மின்புலத்திலும் காந்தப்புலத்திலும். இதைக் கணக்காக நிறுவியவர் ஆங்கிலேய இயற்பியலர் ஜான் ஹென்றி பாய்ண்டிங், 1884-இல். அதே முடிவுக்குத் தனியாக வந்து சேர்ந்தவர் ஆலிவர் ஹெவிசைடு. தந்தி ஆபரேட்டராக வேலை பார்த்து, கல்லூரிப் படியேறாமல், தானே கணிதம் கற்றவர். கம்பியில் அலை எப்படிப் போகும், எப்படித் திரும்பும் என்று இன்று பொறியியல் மாணவர்கள் படிக்கும் சமன்பாடுகள் அவர் கையில் உருவானவை. கோஆக்சியல் கேபிளுக்கு 1880-இலேயே இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவரும் அவரே.

ஆற்றல் இடைவெளியில் போகிறது என்றால், அந்த இடைவெளியின் வடிவம்தான் பாதையின் குணத்தைத் தீர்மானிக்கும். இரண்டு கம்பிக்கும் எவ்வளவு தூரம், நடுவில் காற்றா பிளாஸ்டிக்கா, கம்பியின் தடிமன் எவ்வளவு: இவை சேர்ந்து ஒவ்வொரு கேபிளுக்கும் ஓர் எண்ணைத் தருகின்றன. அதன் பெயர் இம்பிடன்ஸ். டிவி கோஆக்சியலுக்கு 75 ஓம். படகு வயர்லெஸ்ஸுக்கு 50 ஓம். அந்தக் காலத்துத் தட்டை ரிப்பன் ஒயருக்கு 300 ஓம். கேபிள் நீளமோ குட்டையோ, இந்த எண் மாறாது.

பாதை முழுக்க ஒரே எண் இருந்தால் அலை அலுங்காமல் போகும். எண் மாறும் இடத்தில் ஒரு பகுதி முன்னே போகும், மிச்சம் வந்த வழியே திரும்பும். தடித்த வடக்கயிற்றோடு மெல்லிய நைலான் கயிற்றை முடிந்து ஒரு முனையை உதறினால், அந்த முடிச்சில் அலை இரண்டாகப் பிரிவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். கம்பியிலும் நடப்பது அதுதான். எத்தனை பங்கு திரும்பும் என்பதற்குக் கணக்கு உண்டு. இரண்டு எண்களின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, வருவதை அதனாலேயே பெருக்கினால் திரும்பும் ஆற்றலின் பங்கு கிடைக்கும்.

மலை உச்சி நிலையங்களில் இதற்கென்றே மீட்டர்கள் உண்டு. ஒன்று போகிற வாட், மற்றது திரும்புகிற வாட். திரும்புகிற முள் எழும்பினால் மேலே ஆன்டெனாவில் ஏதோ கோளாறு. குழாய்க்குள் ஈரம் புகுந்திருக்கலாம், ஓர் இணைப்பு தளர்ந்திருக்கலாம். போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஓர் இடத்தில் வோல்ட் குவிந்தும் இன்னோர் இடத்தில் குறைந்தும் நிற்கும். குவியும் இடத்தில் பொறி பறக்கும், செம்பே உருகும். அதற்கு முன் டிரான்ஸ்மிட்டர் தானாகவே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும்.

சரி, அலை உச்சியை எட்டி வானில் இறங்கிவிட்டது. பிதுருதலாகலையிலிருந்து புதுக்கோட்டைக் கரை நேர்க்கோட்டில் 400 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு உயர்ந்த மலையிலிருந்தும் நேர்ப்பார்வை எல்லை 220 கிலோமீட்டரைத் தாண்டாது. அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். கொக்காவில் கிட்டத்தில் இருந்தாலும் அதன் கோபுரத்துக்கு எல்லை இன்னும் சுருக்கம். பிறகு படம் எப்படி வந்தது? பாக் நீரிணையின் தயவு. வெதுவெதுப்பான கடல் மேல் ஈரக்காற்று ஒரு படலமாகத் தங்குகிறது. அதன் மேல் உலர்ந்த, வெப்பமான காற்று. இந்த இரண்டுக்கும் நடுவே அலை கீழ்நோக்கி வளைந்து, கடலை ஒட்டியே ஒரு சுரங்கத்தில் போவதுபோல வெகுதூரம் போகும். காற்று ஓய்ந்த கோடை மாலையில் படம் கண்ணாடி மாதிரி இருந்ததும், காற்று கிளம்பியதும் வெறும் புள்ளியாகிப் போனதும் இதனால்தான்.

மாடியில் அதைப் பிடித்த ஆன்டெனாவும் ஒரு ஜப்பானியக் கண்டுபிடிப்பு. தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்தாரோ உடாவும் ஹிதெட்சுகு யாகியும் 1926-இல் உலகுக்குச் சொன்னது. பின்னே ஒரு குச்சி, முன்னே பல குச்சிகள், நடுவில் மடித்து வளைத்த ஒரு குழாய். அலையைப் பிடிப்பது அந்த மடித்த குழாய்தான். 175 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலையின் நீளம் 1.71 மீட்டர், குழாயின் நீளம் அதில் ஏறத்தாழப் பாதி. தனிக் குழாயாக இருந்தால் அதன் இம்பிடன்ஸ் 73 ஓம் அளவு. மடித்துவிட்டால் நான்கு மடங்கு, 292 ஓம். 300 ஓம் ரிப்பன் ஒயர் அதற்கு ஜோடியாக அமைந்தது தற்செயல் இல்லை.

அந்த ரிப்பனை நினைவிருக்கிறதா? விரல் அகலம், பழுப்போ கறுப்போ ஆன பிளாஸ்டிக், இரண்டு ஓரத்திலும் கம்பி. கோஆக்சியலில் ஆற்றல் உறைக்குள் அடங்கிப் போகும். ரிப்பனில் அப்படி ஓர் உறை இல்லை. இரு கம்பிக்கு நடுவிலும், அவற்றைச் சுற்றியுள்ள காற்றிலும் அது போகிறது. ஆகவே ரிப்பனை இரும்புக் குழாயோடு ஒட்டிச் சுற்றிக் கட்டினால் புலம் இரும்பைத் தொடும், அந்த இடத்தில் எண் மாறும், அலை திரும்பும். தெரிந்த மெக்கானிக்குகள் குழாயிலிருந்து நான்கு விரல் தள்ளி வளையம் வைத்து, அதன் வழியே ரிப்பனை முறுக்கி இறக்கினார்கள். சுற்றியிருப்பது அழகாக இருக்கிறது என்று குழாயோடு சேர்த்து இறுக்கியவர்கள் வீட்டில் படம் மங்கியது.

கடற்கரையில் இன்னொரு தொல்லை. உப்புக்காற்று ரிப்பன் மேல் ஓர் ஏடு போலப் படியும். பகலில் காய்ந்து கிடக்கும், இரவில் பனி பட்டதும் ஈரமாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். ஆற்றல் போகும் பாதையே ஒயரின் வெளிப்புறம் என்பதால் இந்த உப்பீரம் அதை உறிஞ்சிவிடும். மழை பெய்தால் கழுவிப் போய், மறுநாள் படம் தெளியும். இதைக் கண்ட வீட்டுக்காரர்கள் ஈரத்துணியால் ஒயரைத் துடைக்கப் பழகிக்கொண்டார்கள். பாய்ண்டிங்கின் கணக்கு தெரியாமலே அவர்கள் செய்தது அறிவியல்படி முழுக்கச் சரி.

கம்பியையும் அருகில் பாருங்கள். இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் செம்பின் மேல்தோலில் மட்டுமே இருக்கும். தோலின் கனம் 0.005 மில்லிமீட்டர். உள்ளே செம்பு பளபளவென்று இருந்து பயனில்லை. முனையில் பிளாஸ்டிக்கைச் சீவிய இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்தால், அலைக்கு வேண்டிய அந்த மெல்லிய தோல்தான் முதலில் போகிறது.

இப்போது கூடம். ரிப்பன் டிவியின் முதுகை வந்தடைகிறது. பழைய டிவிகளில் 300 ஓமுக்கு இரண்டு ஸ்குரூ இருந்தது. புதியவற்றில் 75 ஓம் துளை மட்டும். நடுவில் தீப்பெட்டிக்கும் சிறிய ஒரு மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும். அது கையில் இல்லாதவர்கள் ரிப்பனை நேராகச் செருகினார்கள். கணக்குப் போடுவோம்: 300-இல் 75 போக 225, இரண்டின் கூட்டு 375, வகுத்தால் 0.6, அதனால் பெருக்கினால் 0.36. நானூறு கிலோமீட்டர் வந்த ஆற்றலில் 36 சதவீதம் டிவியின் வாசலில் நின்று திரும்பி மாடிக்குப் போய்விட்டது.

போனது அங்கேயே தீர்ந்துவிடாது. ஆன்டெனாவும் ரிப்பனோடு பொருந்தவில்லை என்றால் அதில் ஒரு பங்கு மறுபடி இறங்கி வரும், கொஞ்சம் தாமதமாக. தாமதம் எவ்வளவு என்பதைத் திரையிலேயே அளக்கலாம். டிவி ஒரு வரியின் படப்பகுதியை 52 மைக்ரோ விநாடியில் இடமிருந்து வலமாக வரைகிறது. திரையின் அகலம் 40 சென்டிமீட்டர் என்றால் ஒரு மைக்ரோ விநாடிக்கு ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ரிப்பனில் அலையின் வேகம் ஒளியின் வேகத்தில் எண்பது சதவீதம். பதினைந்து மீட்டர் ஏறி இறங்க 0.12 மைக்ரோ விநாடி. திரையில் ஒரு மில்லிமீட்டர். ஆக ஒயரில் திரும்பிய அலை தனி நிழலாகத் தெரியாது. செய்தி வாசிப்பவரின் காதோரமும் எழுத்தின் ஓரமும் மழுங்கும்.

தனியாக இன்னொரு உருவம் வலப்பக்கம் தள்ளித் தெரிந்தால் அது ஒயரின் வேலை இல்லை. திருமயம் கோட்டைப் பாறைக்குக் கிழக்கே அரைக் கிலோமீட்டரில் இருக்கும் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அலை வீட்டைக் கடந்து பாறையில் மோதித் திரும்பி வந்தால் கூடுதல் தூரம் ஒரு கிலோமீட்டர். 3.3 மைக்ரோ விநாடி. திரையில் இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு நிழல். ஸ்கேலை வைத்து அளந்து, எந்தத் தடை எவ்வளவு தூரத்தில் என்று சொல்லிவிடலாம். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்ப, வாசலில் ஒருவர் நின்று, "தெரியுது, தெரியுது... அண்ணே, நிழல் விழுது, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்தியது இந்த இரண்டாவது வகை நிழலுக்காக. முதல் வகைக்கு எத்தனை திருப்பினாலும் பயன் இருந்திருக்காது. ஒயரின் முனையைக் கவனித்திருக்க வேண்டும். அதை விட்டுப் பலர் பூஸ்டர் வாங்கினார்கள். பூஸ்டர் படத்தோடு நிழலையும் சேர்த்தே பெருக்கும்.

திரும்பிய ஆற்றல் என்ன ஆகிறது என்ற கேள்வி இன்றும் வயர்லெஸ் ஆட்களிடையே சண்டை மூட்டும். திரும்பியதெல்லாம் டிரான்ஸ்மிட்டருக்குள் போய்ச் சூடாகி அதை எரித்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் பொறியாளராக இருந்து டைரோஸ் செயற்கைக்கோளின் ஆன்டெனாவை உருவாக்கிய வால்டர் மாக்ஸ்வெல், 1973 முதல் அமெச்சூர் ரேடியோ இதழான க்யூ.எஸ்.டி.யில் தொடர் கட்டுரைகள் எழுதி இந்த நம்பிக்கையை எதிர்த்தார். அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து. டிரான்ஸ்மிட்டர் பக்கத்தைச் சரியாக டியூன் செய்திருந்தால், திரும்பிய அலை அங்கே மறுபடி பிரதிபலித்து, புதிய அலையோடு சேர்ந்து ஆன்டெனாவுக்கே போகிறது. ஒயரில் வோல்ட் குவியும் இடத்துக்கும் குறையும் இடத்துக்கும் உள்ள விகிதத்தை எஸ்.டபிள்யூ.ஆர். என்பார்கள்; ஆற்றலை விழுங்காத ஒயரில் அது 2 என்று வையுங்கள். டிரான்ஸ்மிட்டர் தருவது 100 வாட். மீட்டரில் போகிற முள் 112.5 காட்டும், திரும்புகிற முள் 12.5 காட்டும். ஆன்டெனாவிலிருந்து வெளியேறுவது அதே 100. ஒரு வாட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பன்னிரண்டரை வாட் ஒயருக்குள்ளேயே போய்ப் போய் வருகிறது. நஷ்டம் திரும்புவதால் வருவதில்லை. ஒவ்வொரு நடையிலும் ஒயர் எவ்வளவு தின்கிறது என்பதில்தான் இருக்கிறது.

கோபுரம் இருந்த கொக்காவில் ராணுவ முகாம் 1990 ஜூலையில் இலங்கை உள்நாட்டுப் போரில் விழுந்தது; கோபுரமும் போயிற்று. புதிய கோபுரம் எழுந்தது 2011-இல். அதற்குள் இந்தப் பக்கம் கொடைக்கானல் டிரான்ஸ்மிட்டர் வந்து, கேபிள் வந்து, டிஷ் வந்து, தென்கிழக்கே பார்த்த குழாய்களெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன.

ஆனால் அலையும் ஒயரும் அதே கரையில் இன்னும் பிழைப்போடு கட்டுண்டு கிடக்கின்றன. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகின் மேல்தட்டில் ஒரு வெள்ளைக் குச்சி நிற்கும். வி.எச்.எஃப். ஆன்டெனா. கீழே கேபினில் 25 வாட் கருவி. ஆபத்துக்குச் சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ், பழைய டிவி அலைக்கு அண்டை வீடு. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லை பக்கத்திலேயே ஓடுகிறது. படகுக்குப் படகு இருபது கிலோமீட்டர் எட்டினால் நல்ல எட்டு. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபின் இந்த மாவட்டத்தில் செல்போன் கோபுரங்கள் ஊமையாகக் கிடந்ததையும், 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து போன படகு மூழ்கி நால்வர் இறந்ததையும் இந்தக் கரை மறக்கவில்லை. இங்கே குரல் போய்ச் சேர்வது உயிர்ப்பிரச்சினை.

கருவியையும் அந்தக் குச்சியையும் இணைக்கும் கேபிளில்தான் என் கவலை. மெல்லிய ஆர்.ஜி.58 கேபிள் பதினைந்து மீட்டர் போட்டால், புதியதாக இருக்கும்போதே பாதி ஆற்றலை அது தின்றுவிடும். 25 வாட்டில் மேலே போவது பன்னிரண்டரை. தடித்த ஆர்.ஜி.213 போட்டால் பதினெட்டுக்கு மேல் போகும். கடல் நீர் கனெக்டர் வழியே வெளிச்சுற்றுச் செம்புப் பின்னலுக்குள் இறங்கிய பழைய மெல்லிய கேபிள் என்றால் நிலைமை இன்னும் மோசம். கால் பங்குதான் மேலே போகிறது என்று வைத்துக்கொள்வோம். குச்சி அடியோடு முறிந்து ஆன்டெனாவே இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். 25 வாட் புறப்படும், ஆறேகால் போய்ச் சேரும், அத்தனையும் திரும்பும், வழியில் மறுபடி முக்கால் பங்கு போய் ஒன்றரை வாட் மீட்டரை எட்டும். மீட்டர் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.67. பார்க்கிறவர் "நல்லாத்தானே இருக்கு" என்பார். ஆன்டெனா இல்லாத படகில் மீட்டர் திருப்தியாக இருக்கிறது! திரும்பி வர வேண்டிய அலை வராததற்குக் காரணம் அது வானுக்குப் போனதல்ல, கேபிளுக்குள் செத்ததுதான்.

அதனால் படகு வைத்திருப்பவர்களுக்கும் கருவி பொருத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள். மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்று மட்டும் நம்பாதீர்கள். விவரம் தெரிந்தவரை வைத்து, மேல் முனையில் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு, கீழே கருவியின் இடத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். அளக்கும் அனலைசரை மாட்டிப் பாருங்கள். எண் எகிற வேண்டும். பதினைந்து மீட்டர் தடித்த கேபிளில் ஆறுக்கு மேல் எகிறினால் கேபிள் நல்லது. இரண்டு மூன்றிலேயே நின்றால் கேபிள் விழுங்குகிறது, மாற்றிவிடுங்கள். கனெக்டரை வெட்டிப் பின்னலைப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் நீர் இறங்கிவிட்டது, முனையை மட்டும் மாற்றிப் பயனில்லை. புதிய கேபிளின் கனெக்டர்மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, நீர் வடிய ஒரு வளைவு விட்டு இறக்குங்கள். புதுக் கருவி வாங்குவதற்கு முன் இந்த வேலையைச் செய்யுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போதே முடித்துவிடலாம்.